வெள்ளிச் சாடியும் பந்தயப் பணமும்



சில ஆண்டுகளுக்கு முன், யூலை மாதத்து மாலையொன்றில், என்னிடம் வரலாறு பயின்ற பழைய மாணவன் ஒருவன் என் வீட்டிற்கு வந்தான். சுகம் விசாரித்துத் தேநீர் அருந்திய பின், சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என்முன் விரித்தான். அதிற் பன்னிரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண் இருந்தது. பிரித்தானியாவில் அடுத்த கிழமை தொடங்கவிருந்த பகிரங்கக் கொல்ஃப் போட்டியில் ஆடுவோரின் பெயர்கள் அவை. எண்கள் பந்தய வீதங்கள். கொல்ஃப் மட்டையைக் கையால் தொட்டும் அறியாத அப்பிள்ளை, கைத்தொலைபேசி வாயிலாகத் தன் மாதச் சம்பளத்திற் பாதியை இப்பெயர்களின்மீது பகிர்ந்து வைக்க எண்ணியிருந்தான்.

“சேர், நீங்கள் சரித்திரம் படிப்பித்தவர். இந்தப் போட்டியின் சரித்திரத்தைப் பார்த்தால், யார் வெல்லுவார் என்று சொல்ல முடியாதா?” என்று கேட்டான்.

வரலாறு கற்பிப்பவன் சோதிடன் அல்லன். எனினும், அவனுடைய கேள்வி வீண் கேள்வியும் அன்று. ஒரு போட்டி எவ்வாறு தோன்றியது, அதன் ஒழுங்கு எவ்வாறு உருப்பெற்றது, அவ்வொழுங்கினுள் திறமைக்கு எவ்வளவு இடம் உண்டு, தற்செயலுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பவற்றை அறிந்தவன், தான் எதன்மீது பணம் வைக்கின்றான் என்பதையேனும் அறிவான். அன்று அவனுக்குக் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

கொல்ஃப் ஆட்டத்தை நேரிற் காணாதவரும் நேயர்களுள் இருத்தல் கூடும். அகன்ற புற்றரையிற் பதினெட்டுக் குழிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைக்கப்பட்டிருக்கும். சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து அடித்து, ஒவ்வொரு குழியினுள்ளும் முறையே இடுதல் வேண்டும். எதிரி எவரும் பந்தை மறிப்பதில்லை. ஆடுபவன் நிலத்துடனும், காற்றுடனும், தன் மனத்துடனுமே போராடுகின்றான். வெற்றியைக் கணக்கிடுவதற்கு இரு முறைகள் உள. இரு பக்கத்தார் குழிக்குக் குழி மோதி, எவர் அதிக குழிகளை வென்றார் என்று பார்ப்பது ஒருமுறை. பலர் ஆடி, தொடக்கத்திலிருந்து இறுதிவரை யார் மிகக் குறைந்த அடிகளில் முடித்தார் என்று பார்ப்பது மற்றையது. முன்னையது பழைய சவால் ஆட்டங்களின் முறை. பின்னையது பகிரங்கப் போட்டியின் முறை.

இனி, ஸ்கொத்லாந்துக்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டிற் கொல்ஃப் ஆடிய கனவான்கள் ஒரு வகுப்பினர். ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் வேறொரு வகுப்பினர். இப்பின்னையோர் கனவான்களின் மட்டைகளைச் சுமந்தனர், பந்துகளும் மட்டைகளும் செய்து விற்றனர், ஆடுகளங்களைப் பேணினர். இவர்களுள் திறமை மிக்க இருவரையோ நால்வரையோ மோதவிட்டு, அவர்கள்மீது பெருந்தொகை கட்டுவது கனவான்களின் பொழுதுபோக்காக இருந்தது. ஆகவே, பந்தயம் என்பது கொல்ஃப் ஆட்டத்தைப் பிற்காலத்திற் பற்றிக்கொண்ட நோய் அன்று. தொழில்முறை ஆட்டத்தின் தொட்டிலையே ஆட்டிய கை அது.

1849ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆட்டமொன்று இதற்குத் தக்க சான்றாகும். சென்ற் அன்றூஸ் என்னும் ஊரைச் சேர்ந்த அலன் றொபட்சனும் ரொம் மொறிஸும் ஒரு பக்கம். மசல்பரோ ஊரினரான டன் சகோதரர் இருவர் மறுபக்கம். பணயம் 400 பவுண். மூன்று ஊர்களில் மூன்று ஆட்டங்கள் ஆடி, இரண்டில் வெல்பவர் பணயத்தைப் பெறுவர் என்பது ஏற்பாடு. மசல்பரோவில் டன் சகோதரர் பெருவெற்றி பெற்றனர். சென்ற் அன்றூசில் மற்றையோர் வென்றனர். தீர்வு நோர்த் பெரிக் என்னும் மூன்றாம் ஊரில் தங்கியது. அங்கே எட்டுக் குழிகள் மாத்திரம் எஞ்சியிருந்த வேளையில், டன் சகோதரர் நான்கு குழிகள் முன்னணியில் நின்றனர். கூடியிருந்தோர் றொபட்சன் பக்கத்தாருக்கு எதிராக இருபதுக்கு ஒன்று என்ற வீதத்திற் பந்தயம் கூறினர். ஆயினும், எஞ்சிய எட்டுக் குழிகளில் நிலைமை தலைகீழாயிற்று. முடிவை அண்டிய வேளையில் டன் சகோதரரின் பந்து கல்லொன்றை ஒட்டிக் கிடந்தது. அதனை வெளியேற்ற முயன்று அவர்கள் அடிகளை இழந்தனர். றொபட்சனும் மொறிஸும் வென்றனர். 400 பவுண் பணயத்தின் தலைவிதியை ஒரு கல் மாற்றியது.

இந்த அலன் றொபட்சனே தம் காலத்தில் தலைசிறந்த ஆட்டக்காரர் என எவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்தனர். 1859ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அவர் காலமானார். இனி முதல்வர் யார் என்ற கேள்வி எழுந்தது. சவால் ஆட்டங்களால் இக்கேள்விக்கு விடை காணல் அரிது. ஒருவன் ஒருவனை வெல்வான், அவனை வேறொருவன் வெல்வான், வாதம் முடியாது. எல்லாரையும் ஒரே நாளில், ஒரே நிலத்தில், ஒரே கணக்கில் ஆடவிட்டாலன்றி உண்மை புலப்படாது. இவ்வெண்ணமே பகிரங்கப் போட்டியின் வித்து.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ற்விக் கழகம் இம்முயற்சியில் முன்னின்றது. 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் அங்கே கூடினர். அக்களத்தில் அந்நாளிற் பன்னிரண்டு குழிகளே இருந்தன. ஒரே பகலில் மூன்று சுற்றுகள், ஆக 36 குழிகள் ஆடப்பட்டன. மசல்பரோ ஊரின் வில்லி பார்க் 174 அடிகளில் முடித்து முதலிடம் பெற்றார். அக்களத்தைத் தாமே வகுத்துப் பேணிவந்த ரொம் மொறிஸ் 176 அடிகளுடன் இரண்டாமவரானார். தன் வீட்டு முற்றம் போன்ற நிலத்தில் ஆடியவர் தோற்றார் என்பதை, பந்தயம் கட்டுவோர் முதலாம் பாடமாகக் கொள்க.

வெற்றியாளருக்குக் கிடைத்த பரிசு, செந்நிற மொறொக்கோத் தோலாற் செய்து வெள்ளியால் அணிசெய்யப்பட்ட இடைவார் ஒன்றே. பணப்பரிசு யாதும் இல்லை. அந்த இடைவாரும் ஓராண்டுக்கே அவர்வசம் இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெல்பவனுக்கே அது சொந்தமாகும் என்பது விதி. மறு ஆண்டில், போட்டி தொழில்முறையாளருக்கு மாத்திரமன்றி எல்லாருக்கும் உரியது என அறிவிக்கப்பட்டது. ‘பகிரங்க’ என்னும் அடைமொழியின் பொருள் இதுவே. சிறிய அளவிற் பணப்பரிசு 1863இல் தொடங்கியது. 2024இல் மொத்தப் பரிசு ஒரு கோடியே எழுபது இலட்சம் அமெரிக்க டொலராக வளர்ந்திருந்தது. அதில் 31 இலட்சம் முதல்வருக்கு உரித்தாயிற்று.

முதற் பத்தாண்டின் வரலாறு பெரும்பாலும் ஒரு தந்தையினதும் மகனினதும் வரலாறாகும். ரொம் மொறிஸ் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1862இல் அவர் பதின்மூன்று அடிகள் வேறுபாட்டில் வென்றார். 1867இல் வென்றபோது அவருக்கு வயது 46. இன்றுவரை அவரினும் மூத்தவர் எவரும் இப்போட்டியை வென்றிலர். மறு ஆண்டில், அவரிடமிருந்து முதலிடத்தைப் பெற்றவர் அவருடைய மகனே. தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ரொம் மொறிஸுக்கு அப்பொழுது வயது பதினேழு. அவரினும் இளையவரும் இதுகாறும் வென்றிலர். 1868, 1869, 1870 என மூன்று ஆண்டுகளும் இளைஞர் தொடர்ந்து வென்றார். இடைவார் அவருக்கே சொந்தமாயிற்று. வழங்குவதற்குப் பரிசு இல்லாமையால், 1871இற் போட்டியே நடைபெறவில்லை.

பின்னர் பிரெஸ்ற்விக், சென்ற் அன்றூஸ், எடின்பரோ ஆகிய மூன்று கழகங்களும் தலைக்குப் பத்துப் பவுண் இட்டு, வெள்ளியால் ஒரு மதுச்சாடி செய்விக்க உடன்பட்டன. போட்டி மூன்று களங்களிலும் முறைவைத்து நடப்பதாயிற்று. 1872இல் இளைய மொறிஸ் நான்காம் முறையும் வென்றார். அவ்வேளையிற் சாடி செய்து முடிக்கப்படவில்லை. 1873இல் வென்ற ரொம் கிட் என்பவரே அதனை முதன்முதற் கையிற் பெற்றவர். எனினும், சாடியிற் பொறிக்கப்பட்ட முதற்பெயர் இளைய மொறிஸின் பெயரே. இன்றும் யூலை மாதந்தோறும் வெற்றியாளர் உயர்த்திக் காட்டுவது அச்சாடியின் வடிவத்தைத்தான்.

அவ்விளைஞரின் முடிவையும் கூறாது மேலே செல்ல மனம் ஒவ்வவில்லை. 1875ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், நோர்த் பெரிக்கில், தந்தையும் மகனும் ஒரு பக்கமாகப் பார்க் சகோதரரை எதிர்த்துச் சவால் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டம் முடிவை அண்டிய வேளையில் தந்தி ஒன்று வந்தது. சென்ற் அன்றூசில் இளைஞரின் மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடுகின்றாள் என்பது செய்தி. கழகத்தார் ஒருவரின் பாய்க்கப்பலிலே குடாவைக் கடந்து விரைந்தனர். அவர்கள் சேருமுன் தாயும் சேயும் இறந்தொழிந்தனர். அதே ஆண்டு நத்தார்ப் பெருநாளன்று இளைஞரும் மாண்டார். வயது இருபத்துநான்கு. அறுபது கொல்ஃப் சங்கங்கள் பணமிட்டு அவர் கல்லறைமீது நினைவுச்சின்னம் எழுப்பின. பந்தய வீதங்களின் பட்டியலில் ஒரு பெயரைப் பார்க்கும்போது, அப்பெயருக்குப் பின்னால் ஒரு வீடும், அவ்வீட்டில் நோயும் துயரும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அவை எண்ணில் அடங்குவன அல்ல.

இனி, போட்டியின் ஒழுங்கு எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம். முதல் முப்பது ஆண்டுகள் ஒரே நாளில் 36 குழிகளே ஆடப்பட்டன. ஒருநாட் காற்று, ஒருநாள் அதிர்ஷ்டம், ஒருநாள் உடல்நலம் ஆகியவை முடிவை நிர்ணயித்தன. 1892இல், மியூர்ஃபீல்ட் களத்தில், இது 72 குழிகளாக இரட்டிக்கப்பட்டு, இரண்டு நாட்களுக்கு விரிந்தது. ஆட்டம் நீளநீளத் திறமையுள்ளவன் மேலெழுவான் என்பது எண்ணம். அவ்வாண்டில் வென்றவர் ஹரல்ட் ஹில்ரன், தொழில்முறை சாராதவர். 1894இற் போட்டி முதன்முறையாக ஸ்கொத்லாந்தின் எல்லையைத் தாண்டி இங்கிலாந்தின் சான்ட்விச் நகருக்குச் சென்றது. பங்குபற்றுவோர் தொகை பெருகவே, 1898இல், பாதிப் போட்டியின் முடிவிற் பின்தங்கியோரை நீக்கும் விதி வந்தது. அக்காலத்தில் ஹரி வார்டன், ஜோன் டெய்லர், ஜேம்ஸ் பிரெய்ட் என்னும் மூவர் அரங்கை ஆண்டனர். வார்டன் 1896 முதல் 1914 வரையில் ஆறுமுறை வென்றார். மற்றையோர் ஐந்து ஐந்துமுறை வென்றனர். வார்டனின் ஆறு வெற்றிகளை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

முதலாம் உலக யுத்தத்தின் பின் நடத்தும் பொறுப்பு முழுவதும் சென்ற் அன்றூஸ் அரச பண்டைக் கொல்ஃப் கழகத்தின் கையிற் சேர்ந்தது. 2004இல் அக்கழகத்தினின்று தனியே அமைந்த நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றது. போட்டி மூன்று நாட்களாக இருந்து, 1966 முதல் நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு நாட்களுக்கு விரிந்தது. இரு உலக யுத்தங்களும் போட்டியை நிறுத்தின. 2020இற் கொள்ளைநோயும் நிறுத்தியது.

இக்காலத்து ஒழுங்கைச் சுருங்கக் கூறின் இதுவாகும்: 156 பேர் தொடங்குவர். வியாழனும் வெள்ளியும் எல்லாரும் ஒவ்வொரு சுற்று ஆடுவர். அம்முடிவில் முதல் எழுபதின்மரும், எழுபதாம் இடத்திற் சமனாக நிற்போரும் மாத்திரம் எஞ்சுவர். ஏனையோர் வீடு திரும்புவர். சனியும் ஞாயிறும் எஞ்சியோர் இருவர் இருவராகப் புறப்படுவர். முன்னணியில் உள்ளவரே இறுதியிற் புறப்படுவர். நான்கு சுற்றுகளின் கூட்டுத்தொகை குறைந்தவரே வெற்றியாளர். சமன் ஏற்படின் மேலதிகக் குழிகள் ஆடப்படும். முற்காலத்தில் இத்தீர்வாட்டம் மறுநாள் 36 குழிகளுக்கு நீண்டது. 1963இல் பொப் சாள்ஸ் அவ்வாறு வென்றவர்களுள் இறுதியானவர். பின்னர் அது 18 குழிகளாயிற்று. 1989இல் நான்கு குழிகளே ஆடப்பட்டன. 2019இல் மூன்று குழிகளாகக் குறைக்கப்பட்டது. நான்கு நாள் உழைப்பை மூன்று குழிகள் தீர்த்துவிடலாம் என்பதைப் பந்தயம் கட்டுவோர் இரண்டாம் பாடமாகக் கொள்க.

மூன்றாம் பாடம் காற்றைப் பற்றியது. இப்போட்டி எப்பொழுதும் கடலோர மணற்றரைகளிலேயே நடைபெறும். சென்ற் அன்றூஸ், கார்னூஸ்ரி, ற்றூன், சான்ட்விச், பேர்க்டேல், ஹொய்லேக், வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் ஆகியன அத்தகைய களங்கள். அங்கே மரங்கள் அரிது. காற்றை மறிப்பது ஒன்றும் இல்லை. 156 பேரும் ஒரே இடத்திலிருந்து குழுக்குழுவாகப் புறப்படுவதால், முதற்குழு விடியலிலும் கடைசிக்குழு பிற்பகலிலும் தொடங்கும். வியாழன் காலையில் ஆடியோர் வெள்ளி பிற்பகலில் ஆடுவர். மற்றையோர் மறுதலையாக ஆடுவர். இது நீதியான ஏற்பாடே. எனினும், வியாழன் பிற்பகலிலும் வெள்ளி காலையிலும் காற்று வீசி, ஏனைய வேளைகளில் அடங்கியிருப்பின், பாதிப்பேர் புயலில் ஆட, மறுபாதிப்பேர் தென்றலில் ஆடுவர். அதற்கு எந்த விதியும் ஈடு செய்வதில்லை.

2002ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ரைகர் வூட்ஸ் அவ்வாண்டின் முதலிரு பெரும்போட்டிகளையும் வென்று மியூர்ஃபீல்டிற்கு வந்தார். இரண்டு சுற்றுகளின் முடிவில் முன்னணியிலிருந்து இரண்டே அடிகள் பின்னின்றார். உலகில் அவரினும் சிறந்த ஆட்டக்காரர் இல்லை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சனிக்கிழமை அவர் களமிறங்கிய வேளையிற் குளிர்மழையும் கடுங்காற்றும் கடலிலிருந்து எழுந்தன. அன்று அவர் 81 அடிகள் ஆடினார். மறுநாள், வானம் தெளிந்தபோது, 65 அடிகளில் முடித்தார். ஒரே மனிதர், ஒரே களம், ஒருநாள் இடைவெளி; வேறுபாடு பதினாறு அடிகள். சாடியைப் பெற்றவர் ஏர்னி எல்ஸ்.

இனிப் பந்தயக் கணக்கிற்கு வருவோம். பிரித்தானியாவிற் பந்தயக் கடைகள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டு, 1961 மே மாதம் முதலாம் நாள் திறக்கப்பட்டன. இன்று கடைக்குச் செல்லவும் வேண்டியதில்லை, கைத்தொலைபேசியே கடையாகிவிட்டது. ஒரு வேறுபாட்டையும் கவனிக்க: அக்காலத்து மொறிஸும் பார்க்கும் பணயத்திற்காகவே ஆடினர், இக்காலத்துத் தொழில்முறையாளர் கொல்ஃப் ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுதல் விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. ஆட்டத்தை நன்கு அறிந்தோர் ஒதுக்கப்பட்ட சந்தையில், அறியாதோர் பணம் வைக்கின்றனர்.

‘ஒன்றுக்கு ஐந்து’ என்னும் வீதத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு ரூபா வைத்தால் ஐந்து ரூபா இலாபம் என்று எல்லாரும் அறிவர். அதன் மறுபக்கத்தைச் சிலரே அறிவர். ஆறுமுறை ஆடினால் ஒருமுறை வெல்வான், ஐந்துமுறை தோற்பான் என்று அவ்வீதமே கூறுகின்றது. போட்டியில் முதன்மையானவராகக் கருதப்படுபவருக்கே அத்தகைய வீதம் கிடைக்கும். ஆகவே, மிகச் சிறந்தவரும் பெரும்பாலும் தோற்பார் என்பது பந்தயம் பிடிப்போரின் சொந்த வாக்குமூலம்.

அவர்களின் இலாபம் எங்கே ஒளிந்திருக்கின்றது? நாணயம் சுண்டும் எளிய ஆட்டத்தைக் கொண்டு விளக்கலாம். தலைமீதும் பூமீதும் 110 ரூபா வைப்போருக்கு 100 ரூபா இலாபம் என்று ஒருவன் கூறுகின்றான். இருவர் ஆளுக்கு 110 ரூபா வைக்கின்றனர். அவன் கையில் 220 ரூபா சேர்கின்றது. வென்றவனுக்கு 210 கொடுத்து, பத்து ரூபாவைத் தன் பையில் இடுகின்றான். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் அவனுக்கு ஒன்றே. இரு பக்கமே உள்ள நாணயத்தில் இது கண்ணுக்குத் தெரிகின்றது. 156 பெயர்கள் உள்ள பட்டியலில் அப்பத்து ரூபா பெயர்கள்தோறும் சிறிது சிறிதாகப் பரந்து மறைந்துவிடுகின்றது. எல்லா வீதங்களையும் நூற்றுவீதமாக மாற்றிக் கூட்டிப் பார்ப்பின், தொகை நூறைத் தாண்டி நிற்கும். தாண்டிய பகுதியே அவர்களின் கூலி.

என் மாணவன் இன்னொன்றையும் கேட்டான். “வெல்லாவிட்டாலும், முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் பணம் தருவார்களே, சேர்?” என்றான். இது இருவழிப் பந்தயம். 200 ரூபா வைத்தால், 100 வெற்றிக்கும் 100 இடத்திற்கும் செல்லும். இடத்திற்குரிய வீதம், சொன்ன வீதத்தின் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஒன்றுக்கு நாற்பது என்றிருந்தால் இடத்திற்கு ஒன்றுக்கு எட்டு. அவன் விரும்பிய ஆட்டக்காரன் ஐந்தாம் இடத்தைப் பெற்றால் 800 ரூபா இலாபம் என்று மனம் கணக்கிடும். ஆனால், கொல்ஃப் ஆட்டத்தில் ஐந்தாம் இடத்தை நால்வர் சமனாகப் பெறுவது வழமை. அப்பொழுது நான்கில் ஒரு பங்குப் பணமே கணக்கில் எடுக்கப்படும். 25 ரூபாவுக்கு எட்டு மடங்கு 200; வைத்த 25உம் சேர 225. வெற்றிக்கு வைத்த 100 போயிற்று. ஆக, 200 வைத்தவன் 225 பெறுகின்றான். ஊரார் காதில் விழுவதோ, “ஒன்றுக்கு நாற்பதில் இடம் பிடித்தான்” என்னும் புகழ்.

அப்படியாயின், எதிர்பாராதோர் வெல்லும் நாட்களைக் கண்டறிய வழியில்லையா என்று கேட்பீர்கள். அந்நாட்களின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். 1999இற் கார்னூஸ்ரியில், வான் டெ வெல்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்று அடிகள் முன்னணியில் இறுதிக் குழிக்கு வந்தார். ஆறு அடிகளில் முடித்தாலும் சாடி அவருக்கே. பந்து ஓடையில் விழுந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றி நீரில் இறங்கி நின்றார். பின்னர் மணற்பள்ளத்திலும் விழுந்து, ஏழு அடிகளில் முடித்தார். தீர்வாட்டத்தில் வென்றவர் போல் லோறி என்னும் ஸ்கொத்லாந்தினர். அன்று காலை அவர் முன்னணியிலிருந்து பத்து அடிகள் பின்னால் இருந்தவர். 2003இற் சான்ட்விச்சில், உலக வரிசையில் 396ஆம் இடத்தில் இருந்த பென் கேர்ட்டிஸ், தம் முதலாவது பெரும்போட்டியிலேயே வென்றார். முன்னணியில் நின்ற தோமஸ் பியோன் 16ஆம் குழியருகே மணற்பள்ளத்திற் சிக்கி அடிகளை இழந்தார். 1983இல் ஹேல் ஏர்வின், கையெட்டும் தூரத்திற் கிடந்த பந்தைப் பொறுப்பின்றித் தட்ட முனைந்து, மட்டை பந்திற் படாது போக, ஓரடியை இழந்தார். இறுதியில் அவர் தோற்றதும் ஓரடியாலேயே. 2009இல், 59 வயதினரான ரொம் வொட்சன் இறுதிக் குழியை நான்கு அடிகளில் முடித்திருப்பின் வென்றிருப்பார். ஐந்து அடிகள் சென்றன. தீர்வாட்டத்தில் ஸ்ரூவட் சிங்க் வென்றார்.

இவை எல்லாம் நடந்த பின் கூறுதற்கு இனியவை. நடப்பதன்முன் எவராலும் கூறப்படாதவை. எனினும், ஒருதலையாகப் பேசுதல் வரலாற்றுக்கு அழகன்று. முதன்மையானவர் வெல்லும் ஆண்டுகளும் உள. 2000இல் வூட்ஸ் எட்டு அடிகள் வேறுபாட்டில் வென்றார். 2025இல் போர்ட்ரஷ் களத்தில் உலக வரிசையின் முதல்வர் ஸ்கொட்டி ஷெஃப்லர் நான்கு அடிகள் வேறுபாட்டில் வென்றார். அவ்வாண்டுகளிற் பந்தய வீதமும் சிறிதாகவே இருக்கும். அறிவுடையோர் அறிந்தது முன்னரே விலையில் ஏறிவிடுகின்றது. எஞ்சியிருப்பது காற்றும், கல்லும், ஓடையுமே. பந்தயம் கட்டுவோன் திறமையை வாங்குவதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் இவற்றையே விலைகொடுத்து வாங்குகின்றான்.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தாயக்கட்டையை உருட்டுவோன் தான் தற்செயலை நம்புவதை அறிவான். கொல்ஃப் பந்தயம் கட்டுவோனோ, பெயர்களும் புள்ளிகளும் கற்று, தன்னை ஆராய்ச்சியாளன் என்று எண்ணிக்கொள்கின்றான். ஆதலின், இவனது மயக்கம் அவனதினும் ஆழமானது. நான் என் மாணவனுக்கு அஞ்சியது இதனையே. சிறு தொகையை இழப்பவன் மறந்துவிடுவான். தன் அறிவு தோற்றது என்று எண்ணுபவன், அடுத்தமுறை இன்னும் படித்து, இன்னும் அதிகம் வைப்பான்.

இத்தனையும் கேட்டபின், அவன் தாளை மடித்துப் பையில் இட்டான். “அப்படியென்றால் வைக்கவே கூடாதா, சேர்?” என்றான்.

“வைப்பதும் வையாததும் உன் விருப்பம். உழைத்த பணம் உன்னுடையது. ஒரு படக்காட்சிக்குக் கொடுப்பது போல, திரும்பி வராது என்று எண்ணிக் கொடுக்கக்கூடிய தொகையை மாத்திரம் வை. வீட்டு வாடகையும் தாயின் மருந்தும் அதிற் கலக்க வேண்டாம்” என்றேன்.

அவன் அன்றே எல்லாவற்றையும் துறந்துவிட்டான் என்று கூறின் அது கதையாகிவிடும். இரு கிழமை கழித்து மீண்டும் வந்தான். பன்னிரண்டு பெயர்களில் ஒன்றைத் தெரிந்து, முன்பு எண்ணியதிற் பத்திலொரு பங்கை வைத்ததாகவும், அதனை இழந்ததாகவும் சொன்னான். பின்னர், நான்கு நாட்களும் ஆட்டத்தைப் பார்த்ததாகக் கூறி, வெள்ளிக்கிழமை பிற்பகலிற் காற்றுத் திரும்பிய விதத்தையும், அதற்கேற்ப ஒருவர் பந்தைத் தாழ அடித்த விதத்தையும் கைகளால் அபிநயித்துக் காட்டினான். வந்த அன்று அவன் கண்களில் எண்கள் மாத்திரம் இருந்தன. இப்பொழுது அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கின்றான்.

பிரெஸ்ற்விக்கில் எண்மர் கூடிய அன்று எழுந்த கேள்வி, “எவன்மீது பணம் வைப்பது?” என்பதன்று, “எவன் சிறந்தவன்?” என்பதே. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வோர் ஆண்டும் அக்கேள்வி புதிதாகக் கேட்கப்படுகின்றது. ஒவ்வோர் ஆண்டும் விடை நான்கு நாட்கள் காத்திருந்தே கிடைக்கின்றது. பந்தயம் கட்டுவோர் அவ்விடையை நான்கு நாட்களுக்கு முன்னரே விலைக்கு வாங்க முயல்கின்றனர். அவ்விடையை முன்னரே வைத்திருப்போர் எவருமில்லை. விற்பவனிடமும் அது இல்லை.